ஏற்கெனவே ஓட்டை, அண்ணா

...இல்லை, திருட்டுதான், இதற்கு வேறு பெயர் வைத்துக் கொஞ்ச வேண்டியதில்லை, ஒருத்தன் பேசுகிற தோரணையை அப்படியே உரித்தெடுத்து இன்னொருத்தன் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் அதற்குத் திருட்டு என்றுதான் பெயர், என்று மனத்துக்குள் கறுவியபடி அவன் நோட்டின் வலப்பக்கத்தில் பதினேழாவது கோட்டைப் போட்டான். இடப்பக்கத் தலைப்பு ‘என் வரி’, வலப்பக்கத் தலைப்பு ‘எடுத்தது’. மணி ஒன்றே முக்கால். நான்கு மணிக்கு அந்தப் பத்திரிகைப் பெண் தொலைபேசியில் கூப்பிடுவாள், சார், அரைமந்திரன் விளையாட்டோட முதல் மூணு பாகத்தை எழுதினவர் புதுசைப் பத்தி என்ன நினைக்கிறார்னு வாசகர்கள் கேட்டுக்கிட்டே இருக்காங்க, என்று வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தாள். எழுதினவர் என்று சொன்னாள். பதினாறு வருஷமாக அவனை யாரும் அப்படிச் சொன்னதில்லை, அலுவலகத்தில் சார், வீட்டில் என்னங்க, கூரியர்காரருக்கு மூணாவது மாடி... எழுதினவர் என்று கேட்டதும் காது சூடாகிவிட்டது, வெட்கங்கெட்ட காது. நான்கு மணிக்குள் ஆதாரம் கையில் இருக்க வேண்டும், இந்தக் குத்தல் என்னுடையது, இந்த இழுப்பு என்னுடையது என்று விரல்விட்டுச் சொல்ல வேண்டும், அப்புறம் புதுசைக் கொண்டுவந்த நெட்டை எந்த முகத்தை வைத்துக்கொண்டு நடமாடுகிறான் என்று பார்த்துவிடலாம்.

சாப்பாட்டு மேசையின் ஓரத்தில்தான் கணினி, மனைவி தட்டுகளை எடுத்துவிட்டுத் துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை, முழங்கை பட்டுச் சட்டை ஒட்டுகிறது. திரையில் அரைமந்திரன் பாலத்துக்கு முன்னால் நின்று மூக்கைச் சொறிகிறான், சுட்டியை அசைக்காமல் விட்டால் அவன் மூக்கைச் சொறிவான், இருபத்தாறு வருஷமாகச் சொறிகிறான், நெட்டை வரைந்த நான்கே நான்கு படங்கள், கை மேலே, கை மூக்கில், கை மூக்கில், கை கீழே. மந்திரப் பரீட்சையில் பாதி மட்டும் தேறியவன், அதனால் அரைமந்திரன், மூன்று பாகமாக வந்த விளையாட்டு, அந்தக் காலத்தில் கணினி வைத்திருந்த வீடுகளில் அவனைத் தெரியாத பிள்ளைகள் இல்லை. நெட்டை படம் வரைந்து புதிர் போட்டான், பேச்சு முழுக்க இவன். ஒரு பொருளை எடுத்து இன்னொன்றின் மேல் வைக்க வேண்டும், சரியாக வைத்தால் கதவு திறக்கும், பாலம் இறங்கும், பூதம் தூங்கும், தப்பாக வைத்தால் அரைமந்திரன் நம் பக்கம் திரும்பி முடியாது என்பான், ஆனால் ஒரு தடவை சொன்ன மாதிரி மறு தடவை சொல்ல மாட்டான், அதுதான் அவர்கள் போட்டுக்கொண்ட சட்டம். சரியான வழி அறைக்கு ஒன்றோ இரண்டோ, தப்பான வழி மூன்று பாகத்துக்கும் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம், அத்தனைக்கும் அத்தனை பதில். ஜனங்கள் கதவைத் திறக்க விளையாடவில்லை, தப்புப் பண்ணத்தான் விளையாடினார்கள், நெட்டையின் புதிரை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள், பேச்சைத்தானே வைத்திருக்கிறார்கள்.

பூதத்தின் மேல் சீப்பை வைத்துப் பார்த்தான். அரைமந்திரன் திரும்பினான். “அதுக்கு வழுக்கை. சீப்பை நீட்டினா கிண்டல் பண்றேன்னு நினைச்சுக்கும். பண்றேன்தான், ஆனா இவ்வளவு பக்கத்துல நின்னு இல்லை.” அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது, மூக்கு வழியாக, இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகும்... பக்கத்து அறையில் துணி தேய்த்துக்கொண்டிருந்த மனைவி இஸ்திரிப் பெட்டியை நிறுத்தினாள். “என்னங்க, சிரிச்சீங்களா?” “இருமினேன்.” “ஓ,” என்றாள் அவள், அந்த ஓவில் எவ்வளவு இருந்தது என்று அவனுக்குத் தெரியும், மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவள், எந்த எழுத்து தெரிகிறது எந்த எழுத்து தெரிகிற மாதிரி நடிக்கிறார்கள் என்று அவளை ஏமாற்ற முடியாது. சீப்பு வரியை இடப்பக்கம் எழுதினான். என் வரி. நல்ல வரி. கையெழுத்து கொஞ்சம் கோணியது, ஈர மேசை.

நெட்டைக்கு இப்படி ஒரு வரி வருமா, ஏழு ஜென்மம் எடுத்தாலும் வருமா? நெட்டை வாயைத் திறந்தால் ஆமா, இல்லை, சாப்பாடு ஆச்சா, இதற்கு மேல் கிடையாது, கல்லூரியில் மூன்று வருஷம் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவன், அப்போதே ஆறடி இரண்டங்குலம், கதவு நிலையில் இடித்துக்கொண்டால்கூட வலிக்குது என்று சொல்ல யோசிப்பான். அவன்தான் பிறகு இவனுடைய தங்கையையே கட்டிக்கொண்டு மாப்பிள்ளை ஆனான், மாப்பிள்ளை என்று கூப்பிட வாய் வராமல், நெட்டை என்று கூப்பிட அம்மா விடாமல், கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் இங்க பாரு, இங்க பாரு என்றே கூப்பிட்டது நினைவிருக்கிறது. மூன்றாம் பாகத்தோடு கடையைக் கட்டினார்கள், இவன் வேலைக்குப் போனான், நெட்டை எங்கெங்கோ யாருக்கோ படம் வரைந்துகொண்டிருந்துவிட்டு இப்போது சின்னதாக ஒரு நிறுவனம் வைத்து, போன மாதம் இந்த முன்கதையைக் கொண்டுவந்திருக்கிறான், அரைமந்திரனின் பிள்ளைப் பருவமாம், பழைய மூன்று பாகமும் கூடவே இலவசமாம், நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி... தங்கைதான் அனுப்பினாள். விளையாடிப் பாரு அண்ணா, பார்த்துட்டு மனசுல பட்டதைச் சொல்லு, என்று மாதம் ஒரு தடவை கூப்பிடுகிற அதே அடங்கின குரலில் சொன்னாள், புருஷனுக்காகத் தூது வருகிறாள் பாவம் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டான். மூன்று சாயங்காலம் உட்கார்ந்து முடித்தான். முடித்தான் என்றால், கடைசிக் காட்சியில் பொறுக்க முடியாமல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனான், அது முடித்ததில் சேர்த்திதான்.

ஏனென்றால் பேச்சு அப்படியே இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். வேறு யாரோ கூலிக்கு எழுதி, சப்பென்று இருந்திருந்தால் அவன் சந்தோஷமாக ஒரு பெருமூச்சு விட்டு, என்ன இருந்தாலும் பழசு மாதிரி வராது என்று பத்திரிகைப் பெண்ணிடம் பெருந்தன்மையாகச் சொல்லியிருப்பான், அந்த வாக்கியத்தைக் குளிக்கும்போது ஒத்திகைகூடப் பார்த்து வைத்திருந்தான். ஆனால் முதல் அறையிலேயே, ஏணியை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிற பழைய அரைமந்திரனின் பழைய வரி, “எப்படி உள்ள போச்சுன்னு கேட்காதீங்க, நானே கேட்டுக்கலை,” அதன் தம்பி மாதிரி ஒரு புது வரி, அதன் அக்கா மாதிரி இன்னொன்று, அதே நடை, அதே இடத்தில் மூச்சு வாங்குவது, சொல்லாமல் விட்டுவிட்டு அப்புறம் ஒரே ஒரு சொல்லைப் போடுவது... யாரோ ஒருத்தன் இவனுடைய வரிகளை மாதக்கணக்கில் மனப்பாடம் செய்திருக்கிறான். இரண்டாவது நாள் ஒரு வரிக்கு இவனே வாய்விட்டுச் சிரித்து, உடனே பல்லைக் கடித்துக்கொண்டான். இவ்வளவு நன்றாகத் திருட ஒருத்தனால் முடியுமா?

இவனுடைய நடை இப்போது எங்கே போயிற்று என்று யாரும் கேட்க வேண்டாம். காப்பீட்டு அலுவலகத்தில் இரண்டாவது மாடி, ஜன்னலுக்கு எதிர்ச் சுவர், விண்ணப்பங்களை மறுக்கிற கடிதங்கள் எழுதுவது அவன் வேலை, தங்கள் விண்ணப்பத்தைக் கனிவுடன் பரிசீலித்தோம், ஆயினும் விதி பதினொன்றின்படி... நாலாயிரம் முடியாது எழுதியவனுக்கு மேலும் ஒரு முப்பதாயிரம் முடியாது எழுதக் கொடுத்திருக்கிறார்கள், விதியின் குறும்பு என்று அவனே பலரிடம் சொல்லிக் காட்டியிருக்கிறான், யாரும் சிரித்ததில்லை. தட்டச்சு செய்கிற அம்மாள் ஒரு நாள், சார் எழுதின லெட்டரைப் படிச்சா ஜனங்களுக்கு அழுகை வராது சார், தூக்கந்தான் வரும், என்றாள், அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். மேலாளர் கூப்பிட்டு, கொஞ்சம் மனுஷத்தனமா எழுதிப் பாருங்களேன், நீங்க என்னமோ காமெடி எல்லாம் எழுதுவீங்களாமே, என்றபோது மறுநாள் முழுக்க ஒரே ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், ஒரு கிழவருக்குப் போகிற கடிதம், மாடிப்படியில் விழுந்தவர், ஒரு வரி, ஒரே ஒரு இதமான வரி... சாயங்காலம் விதி பதினொன்றின்படி என்றே எழுதி அனுப்பினான். அலுப்பு, வேறென்ன, பயிற்சி விட்டுப்போனால் யாருக்கும் அப்படித்தான். அப்படித்தானே?

இரண்டே கால். முதல் பாகத்தின் சமையலறை. விளக்குமாறு அடுப்பின் மேல். “வேண்டாம், ஏற்கெனவே ஒரு வீட்டுல என்னை இதுக்குத்தான் வெளியில அனுப்பினாங்க.” என் வரி. விளக்குமாறு ஆட்டின் மேல். “ஆடு என்னைப் பார்க்குது. நானும் ஆட்டைப் பார்க்கறேன். ரெண்டு பேரும் இதை மறந்துடலாம்.” என் வரி, என்று எழுதும்போது ஒரு வாசனை வந்தது, பென்சில் சீவிய தூளின் வாசனை, எங்கிருந்து என்று சுற்றிப் பார்த்தான், மேசையில் பேனாதான் இருந்தது. அந்த நாளில் கட்டம் போட்ட பெரிய தாள்கள் இருந்தன, ஆமாம், அறைக்கு ஒரு தாள், மேலே பதினான்கு பொருள், பக்கத்தில் இருபது பொருள், குறுக்கே நெடுக்கே கோடு, ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு வரி வர வேண்டும். தங்கை அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம், பத்தொன்பது வயது, சோதித்துப் பார்க்கிற வேலை அவளுக்கு, எல்லாவற்றையும் எல்லாவற்றின் மேலும் வைத்துப் பார்த்து எந்தப் பெட்டி காலி என்று குறிக்க வேண்டும், அலுப்பு பிடித்த வேலை, அவளும் முணுமுணுக்காமல் செய்தாள், முட்டியைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, காதில் பென்சில் செருகிக்கொண்டு. சோதித்துப் பார்த்தாள், அவ்வளவுதான். காலிப் பெட்டிகளில் அவள் ஏதாவது கிறுக்கி வைப்பாள்தான், இடம் காலியாக இருந்தால் நிரலில் ஏற்றும்போது தகராறு, அதனால் இவனே, சும்மா ஏதாவது எழுதி வை, அப்புறம் நான் மாத்திக்கிறேன், என்று சொல்லியிருந்தான், எல்லா வேலையிலும் அப்படித்தான், வீடு கட்டுகிறவன் முட்டுக் கொடுப்பதில்லையா, அப்புறம் எடுத்துவிடுவதில்லையா...

ஆட்டு வரியை எழுதிய நாள் நினைவுக்கு வருகிறதா என்று யோசித்துப் பார்த்தான். வரவில்லை. விளக்குமாற்று வரி? அதுவும் இல்லை. நாலாயிரம் எழுதியவனுக்கு ஒன்றொன்றாகவா நினைவிருக்கும், தாய்க்கே பத்துப் பிள்ளை பெற்றால் பெயர் குழம்பும். ஆனால் பூட்டிய கதவின் மேல் மெழுகுவர்த்தியை வைத்ததும் அரைமந்திரன் நிமிர்ந்து, “இச்செயலால் யாதொரு பயனும் விளையாது,” என்று சொன்னபோது, பளிச்சென்று எல்லாம் வந்தது, எந்த நாற்காலி, எந்தச் சட்டை, வெளியே என்ன மழை, மூன்று தடவை அடித்து எழுதி, பழைய மந்திரவாதிகள் பேசுகிற மாதிரி இருக்கட்டும் என்று தனக்குத்தானே மெச்சிக்கொண்டது... குளியலறைக் கண்ணாடியில் முகம் தெரிகிற மாதிரி தெரிந்தது, சந்தேகமே இல்லை, இது என்னுடையது. அப்புறம் கிணற்றடியில் ஒன்று, “அது நம்மால் இயலாத காரியம்.” கோபுரத்தில் ஒன்று, “மீண்டும் முயல்வது நேர விரயம்.” ரசிகர்கள் நடத்துகிற தளத்தில் இந்த வரிகளுக்குத் தூங்குமூஞ்சி வரிகள் என்று பெயர், பட்டியல்கூடப் போட்டிருக்கிறார்கள், முதல் பாகத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு, அரைமந்திரன் மேல் சாபம் விழுகிற நேரத்தில்தான் அவன் இப்படிப் பேசுகிறான் என்று ஒருவன் பக்கம் பக்கமாக நிரூபித்திருக்கிறான், வேண்டுமென்றே சப்பென்று வைத்த மேதைமை என்று முடித்திருக்கிறான். அதைப் படித்தபோது இவனும் ஆமாம், வேண்டுமென்றேதான் என்று எண்ணிக்கொண்டான், எண்ணிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினான்.

இரண்டாம் பாகம். கண்ணாடி மாளிகை. இங்கேதான் அது இருக்கிறது, இதற்குத்தான் ஒரு மணி நேரமாகச் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறான் என்று அவனுக்கே தெரியும். ஓட்டை வாளியை எடுத்தான். ஆளுயரக் கண்ணாடியின் மேல் வைத்தான். அரைமந்திரன் வாளியைப் பார்த்தான், கண்ணாடியைப் பார்த்தான், நம் பக்கம் திரும்பினான். “வேண்டாம், முகத்தைப் பார்த்தா அதுக்கு மனசு உடைஞ்சிடும். அது ஏற்கெனவே ஓட்டை, அண்ணா.” யார் அந்த அண்ணா? மூன்று பாகத்தில் அந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. அரைமந்திரனுக்கு அண்ணன் கிடையாது, தம்பி கிடையாது, ஒரு ஆடு உண்டு, அதுவும் அவனுடையது இல்லை. பிள்ளைகள் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள், ஏற்கெனவே ஓட்டை, அண்ணா, பல்கலைக்கழகச் சுவரில் ஒருவன் சாயத்தால் எழுதினான். ஒரு தடவை ஒரு பெரிய கூடத்தில் முந்நூறு பேருக்கு முன்னால் ஒரு பையன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு அதையேதான் கேட்டான், இவன் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை, “விளையாடறது நீங்கதானே? தப்புக்கு மேல தப்பு பண்றவனோட கூடவே நின்னு, விட்டுட்டுப் போகாம இருக்கறது அண்ணன்தானே? அந்த அண்ணன் நீங்கதான்,” என்றான். கூடம் எழுந்து நின்று கைதட்டியது. ஒருத்தி அழுதாள். எங்கிருந்து வந்தது அந்தப் பதில்? வந்தது, அவ்வளவுதான், அதற்குப் பிறகு இருபது இடத்தில் சொன்னான், சொல்லச் சொல்ல அது நடந்ததாகவே ஆகிவிட்டது, அந்த வரியை எழுதிய மேசைகூட மனக்கண்ணில் வந்துவிட்டது, விளக்கோடு.

மேசை அல்ல, தரை. வியாழக்கிழமை, மதியம், விளையாட்டுக் குறுந்தட்டுகளைப் பிரதி எடுக்கிற கடைக்காரர் மூன்று மணிக்குள் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார், நெட்டை வாசலில் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு நிற்கிறான், இவன் கட்டத் தாள்களைத் தரையில் பரப்பிப் பார்த்துப் பார்த்துத் தட்டிக்கொண்டிருக்கிறான், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்ற அப்புறம் வரவேயில்லை, அறுநூறு பெட்டியோ எழுநூறோ, அத்தனையும் பென்சில், சின்னச் சின்னதாகச் சாய்ந்த எழுத்து, படிக்கக்கூட நேரமில்லை, கண் பார்க்கிறது கை தட்டுகிறது, அவள் இவனுக்கு எழுதி வைத்திருந்தாள், ஒவ்வொரு பெட்டியிலும் இவனிடம்தான் பேசிக்கொண்டிருந்தாள், வாளி வேண்டாம், அது ஏற்கெனவே ஓட்டை, அண்ணா, என்று... கையோடு அதையும் சேர்த்துத் தட்டிவிட்டான். அவ்வளவுதான். அவசரத்தில் பார்த்து எழுதிய பிழை. முந்நூறு பேர் எழுந்து நின்றது அதற்குத்தான்.

அவன் சுட்டியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மேல்மாடியில் யாரோ சுவரில் துளை போடுகிறார்கள், நிறுத்துகிறார்கள், மறுபடி போடுகிறார்கள். சரி, வாளி மட்டும், வாளி ஒன்று அவளுடையது என்றே இருக்கட்டும், ஆட்டு வரி? அதுவும் பென்சில்தான், ஆட்டுக்குப் பக்கத்தில் காதை மட்டும் ஒரு படம் போட்டிருந்தாளே. சீப்பு? சீப்பு... நோட்டின் இடப்பக்கத்தில் ஐம்பத்து மூன்று வரிகள் இருந்தன. நல்ல வரிகளாகப் பார்த்துப் பார்த்து எடுத்தவை. தூங்குமூஞ்சி வரி ஒன்றைக்கூட அவன் அதில் எழுதிக்கொள்ளவில்லை என்பதை இப்போதுதான் கவனித்தான்.

நெட்டை அதைத்தான் கேட்டான் இல்லையா, அன்றைக்கு, பதினாறு வருஷம் முன்பு, அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், இவன் அந்தக் கூடத்துக் கதையை நாலாவது தடவையாகச் சொல்லி முடித்தபோது, வாயே திறக்காத நெட்டை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “அதெல்லாம் நீ எழுதினதுன்னு நிஜமாவே நினைக்கிறியா?” என்று கேட்டான். படம் வரைகிறவனுக்குப் பொறாமை, பேச்சையும் தனதாக்கிக்கொள்ளப் பார்க்கிறான், என்றுதான் இவனுக்குப் பட்டது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கைகூடக் கழுவாமல், எச்சில் கையோடு செருப்பை மாட்டி... தங்கை வாசல் வரைக்கும் வந்தாள், “சாப்பிட்டுட்டுப் போ அண்ணா, அவர் ஏதோ சொல்றார்,” என்றாள், ஏதோ சொல்றார், அவ்வளவுதான் சொன்னாள், வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை? பதினாறு வருஷம் அந்த வாசலை மிதிக்கவில்லை, அவர்கள் வீட்டு விசேஷம் எதற்கும் போகவில்லை, அவள் மாதம் ஒரு தடவை கூப்பிடுவாள், உடம்பு எப்படி, அண்ணி எப்படி, அலுவலகம் எப்படி, இவன் அவளிடம் நெட்டையைத் திட்டுவான், அவள் ம் ம் என்று கேட்பாள். என் எழுத்தைத் தின்னப் பார்த்தவன் உன் புருஷன் என்று அவளிடமே எத்தனை தடவை சொல்லியிருப்பான்... ம் என்பாள். அந்த ம் ஒன்றொன்றும் இப்போது திரும்பி வந்து வரிசையில் நின்றது.

“என்னங்க, மூணரை ஆச்சு, அந்தப் பொண்ணு கூப்பிடற நேரம், சட்டையாவது மாத்திக்கிறீங்களா?” மனைவி தேய்த்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள். “போன்லதானே பேசறா,” என்றான். அவள் நோட்டை எட்டிப் பார்த்தாள். “என்ன இது, எடுத்ததுன்னு போட்டிருக்கு? யாரு எடுத்தாங்க?” “புதுசை எழுதினவன்.” மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், கடையில் ஆறாவது வரிசை எழுத்தைத் தப்பாகப் படிக்கிறவரைப் பார்க்கிற பார்வை. “அன்னிக்குக் கடைசியில பேரெல்லாம் ஓடுச்சே, நீங்க பார்க்கலையா?” “நான்தான் எழுந்து போயிட்டேனே.” “நான் சோபாவில இருந்து பார்த்தேன். வசனம்னு உங்க தங்கச்சி பேருதான் போட்டிருந்துச்சு. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்.” துணியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். “அதனாலதான் நீங்க கோவமா இருக்கீங்கன்னு நினைச்சேன்,” என்றாள், உள்ளே போனாள்.

முன்கதையைத் திறந்து கடைசிக் காட்சிக்குப் போனான், விரல் இரண்டு தடவை தப்பான இடத்தில் அழுத்தியது. மந்திரப் பள்ளி, பரீட்சை நாள், பொடியன் அரைமந்திரன் பயத்தில் குரல் போய் நிற்கிறான், மந்திரம் சொல்ல வாய் வரவில்லை, சமையற்கட்டுச் சிறுமி ஒருத்தி ஓடி வந்து தன் குரலை ஒரு சின்னப் புட்டியில் ஊற்றித் தருகிறாள், “பரீட்சை முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடு, அண்ணா.” அதுதான் அவள் கடைசியாகப் பேசுவது. புட்டியில் பாதி சிந்திவிடுகிறது, பாதியைக் குடித்துப் பாதி தேறுகிறான், பட்டயத்தை வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போகிறான், புட்டி சட்டைப்பையில், திருப்பிக் கொடுக்கவில்லை, மறந்தானா வேண்டுமென்றா என்று சொல்லப்படவில்லை, அவள் கதவருகில் நின்று கையை ஆட்டுகிறாள், கூப்பிடக் குரல் இல்லை. இங்கேதான் அவன் அன்றைக்கு எழுந்து போனான், என் அரைமந்திரனைத் திருடனாக்கிவிட்டான் நெட்டை, என்று வீடு அதிரக் கத்திக்கொண்டு. இன்று உட்கார்ந்திருந்தான். அரைமந்திரன் மலையிறங்கி, முதல் பாகத்தின் அதே பாலத்துக்கு வந்து, வாயைத் திறக்கிறான், குரல் வருகிறது. திரை கறுத்தது. பெயர்கள் ஓடின. ஓவியம், நெட்டை. வசனம், தங்கை, அவளுடைய முழுப்பெயர், அப்பா வைத்த பெயர், எவ்வளவு நாளாயிற்று அதை எழுத்தில் பார்த்து, கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு இல்லை. எல்லாம் ஓடி முடித்து, திரை நடுவில், சின்னதாக ஒரே வரி. ‘அண்ணாவுக்கு.’

அண்ணாவுக்கு. கோபமா? அன்பா? இந்தா பிடி, உன் லட்சணம் இதுதான் என்று முகத்தில் வீசினாளா, இல்லை, குரலை நீயே வைத்துக்கொள், எனக்கு வேறு முளைத்துவிட்டது என்கிறாளா, இல்லை, கூடத்தில் சொன்னாயே தப்புப் பண்ணுகிறவனோடு கூடவே நிற்பவன் அண்ணன் என்று, நின்றாயா என்று கேட்கிறாளா... ஒரு வரியை எந்தத் தொனியில் சொல்ல வேண்டும் என்று, விளையாட்டுக்குக் குரல் கொடுத்த நடிகர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் அவன், ஒற்றைச் சொல்லை மாற்றி மாற்றிப் படித்துப் பார்த்தான், கிண்டலாக, பாசமாக, சாதாரணமாக, எப்படிப் படித்தாலும் பொருந்தியது. நல்ல எழுத்தாளர்கள்தான் இப்படிச் செய்வார்கள் என்று நினைத்ததும் வயிற்றில் எரிந்தது, அந்த எரிச்சல் போகவில்லை, திருடியவன் யார் என்று தெரிந்த பிறகும் போகவில்லை, அதுதான் அவனுக்கே அசிங்கமாக இருந்தது.

தொலைபேசி அடித்தது. “சார், வணக்கம், பேசலாமா? எல்லாரும் கேக்கறதையே முதல்ல கேட்டுடறேன் சார், தப்பா நினைக்காதீங்க. அந்த ‘ஏற்கெனவே ஓட்டை, அண்ணா’ இருக்கே, அது உங்களுக்கு எப்படித் தோணுச்சு?” பக்கத்து அறையில் அலமாரிக் கதவு பாதி திறந்த சத்தத்தோடு நின்றது. சொல்ல வேண்டியது சின்னச் சொல், இல்லை, அது நான் எழுதலைம்மா, இவ்வளவுதான், நாலாயிரத்தில் ஒன்று, முப்பதாயிரத்தில் ஒன்று. “எப்படின்னு கேட்காதீங்க,” என்று வாய் சொன்னது, “நானே கேட்டுக்கலை.” அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். “ஐயோ சார், அதே குரல்! அப்ப இதையே தலைப்பா போட்டுடட்டுமா, எழுதினவர் வாயாலேயேன்னு?” இல்லை என்பதற்கு நாக்கு மேலே ஏறியது, ஏறியது என்றுதான் அவனுக்குப் பட்டது. “போட்டுக்கோங்க,” என்றான். அதற்குப் பிறகு அவள் அரை மணி நேரம் கேட்டாள், அவனும் சொன்னான், கூடத்துக் கதையையும் சொன்னான், புதிய பாகத்தைப் பற்றிக் கேட்டதற்கு, பரவாயில்லை, நல்லா முயற்சி பண்ணியிருக்காங்க, என்று பெருந்தன்மையாகச் சொன்னான். அலமாரிக் கதவு எப்போது மூடியது என்று கவனிக்கவில்லை.

வைத்த பிறகு பார்த்தால் தங்கையிடமிருந்து ஒரு செய்தி வந்து காத்திருந்தது. ‘கடைசி வரைக்கும் பார்த்தியா அண்ணா?’ நான்கு ஐந்துக்கு அனுப்பியிருக்கிறாள், அவன் பேசிக்கொண்டிருந்த நேரம். புதன்கிழமை பத்திரிகை வந்துவிடும், படிப்பாள், ம் என்பாள். பார்த்தேன் என்று தட்டினான். அழித்தான். தங்கள் படைப்பைக் கனிவுடன்... சீ. மறுபடி பார்த்தேன் என்று தட்டினான், அதற்குப் பக்கத்தில் என்ன வர வேண்டும் என்று யோசித்தான், ஒரு வரி, ஒரே ஒரு வரி, அவனாகவே. செய்திப் பெட்டியில் கோடு அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பெட்டியில் யாரும் பென்சிலால் எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை.